பதினோரு அடி வெளியே

நெதர்விக் கிராமத்தில் எண்ணூறு வருடங்களாக முக்கியமான சம்பவம் எதுவும் நடந்ததில்லை. இந்த உண்மையை ஆதாரத்தோடு நிலைநாட்ட கிளெமென்ட் பார்ஸ்லோ இருபத்திரண்டு வருடம் பாடுபட்டார்.

அவர் கிளம்புவதற்கு முன் ஊரில் சம்பவங்களுக்குப் பஞ்சமே இல்லை. போரில் தோற்று ஓடிவந்த அரசர் ஒருவர் ஒரு ராத்திரி இங்கே தூங்கினார் என்று பப் வாசலில் பலகை தொங்கியது. கிளெமென்ட் மாவட்ட ஆவணக் காப்பகத்தில் மூன்று மாதம் உட்கார்ந்து, அரசர் செத்து அறுபது வருடம் கழித்துத்தான் அந்தக் கட்டடத்துக்கு அஸ்திவாரமே தோண்டினார்கள் என்று கண்டுபிடித்தார். பலகை இறங்கியது. பப் முதலாளி அதன்பிறகு அவருக்கு பியர் ஊற்றும்போது கோப்பையில் நுரை அதிகம் வரும்படி பார்த்துக்கொண்டார்.

அடுத்து வில்ஃப் கட்ஜனின் முப்பாட்டனார். கட்ஜன்கள் முந்நூறு வருடமாக அந்த மண்ணில் பன்றியும் கோழியும் வளர்ப்பவர்கள். சர்ச் தோட்டத்தில் பாதிக் கல்லறை அவர்களுடையது. அந்த முப்பாட்டனார் வாட்டர்லூ போரில் சண்டை போட்டவர் என்பதற்குச் சாட்சியாக அடுப்பு மாடத்துக்கு மேல் ஒரு வாள் தொங்கியது. போர் நடந்த அந்த ஞாயிற்றுக்கிழமை, இரண்டு வாத்து திருடிய குற்றத்துக்காக அவர் மாவட்டச் சிறையில் இருந்தார் என்பதை கிளெமென்ட் சிறைப் பதிவேட்டின் பக்க எண்ணோடு அச்சிட்டு வீடு வீடாகக் கொடுத்தார். வாள் இறங்கியது. அந்த வருடத்திலிருந்து கட்ஜன் வீட்டுக் கிறிஸ்துமஸ் சாப்பாட்டுக்கு அவருக்கு அழைப்பு வரவில்லை. காரணத்தை யாரும் சொல்லவில்லை. சொல்வது அந்த ஊரில் வழக்கமில்லை.

கிளெமென்ட் குடிநீர் வாரியத்தில் வரைபடம் வரைந்து ஓய்வு பெற்றவர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டில், மனைவி பெரிலோடு ஊரின் தெற்குக் கோடியில் ஓடையோரம் ஒரு குடிசை வீட்டை வாங்கிக் குடிவந்தார். முப்பத்தேழு வருடம் கழித்தும் ஊர் அவரைப் 'புதுசா வந்தவர்' என்றே சொன்னது. சொன்னதில் குத்தல் ஏதும் இல்லை. தாத்தாவின் கல்லறை அங்கே இல்லாதவர் புதிதாக வந்தவர்தான், அவ்வளவே. பெரில் இறந்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது.

மிச்சமிருந்தது வியாழக்கிழமை. அவரே நிறுவி, அவரே செயலாளராக இருந்த நெதர்விக் உள்ளூர் வரலாற்றுக் கழகம் வியாழன்தோறும் பிற்பகல் மூன்று மணிக்கு ஊர்க்கூடத்தில் கூடும். சாவி அவரிடம். இரண்டு மணிக்கே போய் வெந்நீர் பாத்திரத்தைப் போட்டு, ஒன்பது நாற்காலிகளை அரைவட்டமாகப் போட்டு, பிஸ்கட்டை இரண்டு தட்டில் சமமாகப் பிரிப்பார். அவரோடு சேர்த்து எட்டுப் பேர். ஒன்பதாவது நாற்காலி வரலாற்றுக்காக.

வெள்ளிக்கிழமை காலையில் தபால்காரரிடம், "குளிருது," என்பார். அவரும், "ஆமா, குளிருது," என்பார். அதன்பிறகு அடுத்த வியாழன்வரை கிளெமென்ட்டின் குரலுக்கு வேலை இருக்காது. அதனால் வியாழன் காலைகளில் ரேடியோவை அணைத்துவிட்டு, பழைய நிலப் பதிவேட்டிலிருந்து ஒரு பக்கத்தைச் சத்தமாகப் படித்துக் குரல் வேலை செய்கிறதா என்று சோதித்துக்கொள்வார். எப்போதும் செய்தது. முதல் இரண்டு வரி மட்டும் கொஞ்சம் துரு வாசனை அடிக்கும்.

இனி கழகத்தின் நான்காம் விதி. அதையும் கிளெமென்ட்தான் எழுதினார். ஓடைக்கு அக்கரையில், பழைய ஆலை வீட்டில், மிஸஸ் ஃபான்ஷா என்றொரு அம்மாள் இருந்தார். ஒரு பொதுச் சொற்பொழிவில் அவர் எழுந்து நின்று, கிளெமென்ட் சொன்ன தேதி ஒன்றில் பதினாறு வருடப் பிழை இருப்பதாகச் சொன்னார். இருந்தது. அடுத்த மாதமே அந்த அம்மாள் கழகத்தில் சேர விண்ணப்பித்தார். அதற்கடுத்த வாரமே நான்காம் விதி பிறந்தது: 'ஊரின் புராதன எல்லைக்குள் குடியிருப்போர் மட்டுமே கழகத்தில் உறுப்பினராகலாம்.' 'புராதன' என்ற சொல்லை கிளெமென்ட் யோசித்துத்தான் போட்டார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நான்கில் மாவட்ட அலுவலகம் ஸ்கேல் வைத்துக் கோடு கிழித்து ஓடைக்கு அக்கரையையும் நெதர்விக்கோடு சேர்த்திருந்தது. அலுவலகம் கிழித்த கோடுகளையெல்லாம் வரலாறு மதிக்குமா? மிஸஸ் ஃபான்ஷா ரொம்பப் பண்பான கடிதம் ஒன்று எழுதிவிட்டு டெவனுக்கு வீடு மாற்றிப் போய்விட்டார். விதி மட்டும் ஊரிலேயே தங்கிவிட்டது.

தொண்ணூற்றொன்பதாம் வருடம் ஜனவரியில் ஒரு வியாழன். கழகத் தலைவர் ஹெஸ்டர் லாவிங்டன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முப்பது வருடம் தபால் நிலையம் நடத்தியவர். யாருக்கு யார் கடிதம் எழுதினார்கள் என்பது முழுவதும் தெரிந்தும் வாய் திறக்காதவர் என்பதால் தலைவரானவர்.

"ரெண்டாயிரம் பொறக்கப் போகுது. பக்கத்து ஊர் சாலோக்காரங்க மணிக்கூண்டு வெக்கறாங்களாம். நாம என்ன பண்ணப் போறோம்?"

"பெஞ்சு போடலாம்," என்றார் வில்ஃப் கட்ஜன். முப்பாட்டனார் விஷயத்துக்குப் பிறகும் அவர் கூட்டத்துக்கு வருவதை நிறுத்தவில்லை. சாப்பாடு வேறு, கழகம் வேறு.

"ராணியோட வெள்ளி விழாவுக்கும் பெஞ்சுதானே போட்டோம், வில்ஃப்?"

"அதுல இன்னும் யாரும் உக்காரலியே. புதுசாத்தான் கெடக்கு. தகட்ட மட்டும் மாத்திப்புடலாம்."

"எல்லைய நடந்தா என்ன?" என்றார் ஹெஸ்டர். "அந்தக் காலத்துல ஊரே சேர்ந்து எல்லைய சுத்தி நடந்து, ஒவ்வொரு கல்லையும் குச்சியால அடிப்பாங்களே. கிளெமென்ட், நீங்க எழுதியிருக்கீங்கல்ல?"

கிளெமென்ட்டின் காது மடல் சிவந்தது. அவர் அது பற்றி மூன்று துண்டுப் பிரசுரம் எழுதியிருந்தார். யாரோ ஒருவர் ஒன்றைப் படித்திருக்கிறார் என்பதற்கு அதுவே முதல் ஆதாரம்.

"சின்னப் பசங்கள தலகீழா தூக்கி கல்லுல முட்டுவாங்களாமே, எல்லை ஞாபகம் இருக்கட்டும்னு?" என்றார் வில்ஃப்.

"அது வேண்டாம். இன்ஷூரன்ஸ்காரங்க ஒத்துக்க மாட்டாங்க," என்றார் ஹெஸ்டர்.

"அப்ப வயசானவங்கள முட்டலாம். எங்களுக்குத்தான் எதுவும் ஞாபகம் இருக்கறதில்ல."

எல்லையைத் துல்லியமாக ஆராய்ந்து அறிக்கை தருவது செயலாளரின் பொறுப்பு என்று ஒருமனதாகத் தீர்மானமாயிற்று. கிளெமென்ட் அன்று வீட்டுக்கு நடந்து போகையில் விசிலடித்தார் என்று சிலர் சொல்கிறார்கள். ஆதாரம் இல்லை.

ஆறு வாரம் அவர் பேருந்து பிடித்து ஆவணக் காப்பகத்துக்குப் போனார். ஆறாவது வாரம் பழைய எல்லை வரைபடம் ஒன்று கிடைத்தது. அதோடு ஊர்ப் பிரபு ஒருவர் ஆயிரத்து எண்ணூற்று இருபத்து மூன்றில் தன் காரியஸ்தருக்கு எழுதிய கடிதம். காலைப் பலகாரம் சாப்பிடும் மேசையிலிருந்து பார்த்தால் தண்ணீர் தெரியவில்லை, ஆகவே ஓடையைத் தெற்கே தள்ளி வெட்டவும் என்று உத்தரவு. வெட்டினார்கள். ஓடை தெற்கே போயிற்று. ஊர் எல்லை போகவில்லை. பழைய ஓடை எங்கே ஓடியதோ, இப்போது வெறும் பள்ளமாக இருக்கும் அந்தத் தடத்திலேயே எல்லை நின்றுவிட்டது. ஆவணங்கள் எல்லாம் ஒரே குரலில் இதைச் சொல்லின.

பழைய ஓடைக்கும் புது ஓடைக்கும் நடுவே, கால்சட்டைப் பைபோல ஒரு துண்டு நிலம். அதில் ஒரே ஒரு வீடு இருந்தது.

கிளெமென்ட் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனார். மறுமுனையைப் பிடிக்க ஆள் இல்லாததால் ஒரு முளைக்குச்சியை அடித்து அதில் மாட்டினார். பள்ளத்தின் நடுவிலிருந்து சமையலறைச் சுவர்வரை பதினோரு அடி. நான்கு முறை அளந்தார். நாடா நான்கு முறையும் பதினோரு அடிதான் என்றது. முட்புதரை வெட்டியபோது உள்ளே ஒரு கல் இருந்தது. வடக்கு முகத்தில் நெதர்விக்கின் முதலெழுத்து, தெற்கு முகத்தில் சாலோவின் முதலெழுத்து. சாலோவின் எழுத்து அவருடைய சமையலறை சன்னலை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தது. முப்பத்தேழு வருடம் அவர் பாத்திரம் கழுவிய சன்னல்.

நெதர்விக்கில், ஓடைக்கு இக்கரையில், நூற்றுப் பன்னிரண்டு வீடுகள். நூற்றுப் பதினொன்று புராதன எல்லைக்கு உள்ளே. பக்கத்து வயலில் இருந்த வில்ஃபின் கோழிக்கூடுகூடப் பாதி உள்ளேதான்.

அளவு குறித்த தாளை அவர் மேசை இழுப்பறையில் வைத்து மூடினார். மூன்று வாரம் திறக்கவில்லை. வேறு யாருக்கும் தெரியாது. காப்பகத்தில் அந்தக் காகிதக் கட்டை அவருக்கு முன் கடைசியாகப் பிரித்தவர் செத்து நாற்பது வருடம். பெரில் இருந்திருந்தால், "அத எடுத்து அடுப்புல போட்டுட்டு வந்து சாப்பிடுங்க," என்றிருப்பாள். நல்ல யோசனைதான். ஆனால் அரசரை பப்பிலிருந்து கிளப்பிய கை அது. வாத்துத் திருட்டுக்குப் பக்க எண் போட்ட கை. பிறத்தியார் வீட்டு வாளை இறக்கிவிட்டுத் தன் வீட்டுத் தாளை மறைப்பதா? மூன்றாவது வாரம் அவர் தட்டெழுத்துப் பொறியின் உறையைக் கழற்றினார்.

அறிக்கை இருபத்தாறு பக்கம் வந்தது. ஆனால் அவர் அதைவிட அதிக நேரம் செலவிட்டது அதற்குப் பிந்தைய நாலு நிமிடத்துக்கு. நான்காம் விதிப்படி தான் விலக வேண்டியிருக்கிறது என்று சொல்வார். உடனே யாராவது, "அட, போங்க கிளெமென்ட்," என்பார்கள். அப்போது, "விதி விதிதான்," என்று மறுக்க வேண்டும். இன்னொருவர் விதியைத் திருத்தலாம் என்று முன்மொழிவார். தன் விஷயம் என்பதால் தானே முன்மொழிவது முறையாகாது. அப்போது கொஞ்சம் தயங்க வேண்டும். மூன்றாவது குரல் எழுந்ததும், "உங்க எல்லாரோட விருப்பம் அதுவா இருந்தா..." என்று முடிக்க வேண்டும். கண்ணாடி முன் நின்று இந்தத் தயக்கத்தைப் பழகிப் பார்த்தார். மூன்றாம் நாள் நன்றாக வந்தது.

மார்ச் மாதத்து வியாழன். நாற்பது நிமிடம் படித்தார். மழை சன்னலில் இறங்கிக்கொண்டிருந்தது. கோழிக்கூடு வந்த இடத்தில் மட்டும் வில்ஃப் நிமிர்ந்தார்.

"அப்ப என் கோழிங்க பாதி வெளியூரா?"

"தூங்கும்போது மட்டும்," என்றார் கிளெமென்ட். "பகல்ல உள்ளதான் மேயுது."

"அதான பாத்தேன். சேவல் ஒண்ணு கொஞ்ச நாளா மொறச்சுக்கிட்டே திரியுது."

சிரித்தார்கள். கிளெமென்ட் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். தொண்டையைச் செருமினார்.

"இதன்படி, என் வீடு புராதன எல்லைக்குப் பதினோரு அடி வெளிய இருக்கு. அதனால, நாலாம் விதிப்படி, நான் உறுப்பினரா இருக்க முடியாது. செயலாளராவும் இருக்க முடியாது. வருத்தத்தோட விலகிக்கறேன்."

இடைவெளி விட்டார். அந்த இடைவெளியைத்தான் அவர் வாரக்கணக்கில் கட்டியிருந்தார். வசதியான, அகலமான இடைவெளி. யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம்.

யாரும் வரவில்லை. ஹெஸ்டர் தன் தேநீர்க் கோப்பையின் அடியைப் பார்த்தார். வில்ஃப் தொப்பியைச் சுழற்றினார். மற்றவர்கள் அறிக்கையின் முதல் பக்கத்தை, படித்துக்கொண்டிருப்பவர்களைப்போல, பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெந்நீர் பாத்திரம் மட்டும் ஏதோ சொல்ல வந்ததுபோல ஒருமுறை குமுறிவிட்டு அடங்கியது.

"ரொம்ப நேர்மையான அறிக்கை, கிளெமென்ட்," என்றார் கடைசியில் ஹெஸ்டர். "இவ்வளவு யோசிச்சு ஒரு முடிவு எடுத்திருக்கீங்க. நாங்க அத மதிக்கறோம்."

"மதிக்கறோம்," என்றார் வில்ஃப் தொப்பியிடம்.

நன்றித் தீர்மானம் ஹெஸ்டர் முன்மொழிய, வில்ஃப் வழிமொழிய, கைகள் உயர்ந்தன. எண்ணுவது செயலாளரின் வேலை. ஏழு. பழக்கத்தில் அவர் கையும் உயர்ந்திருந்தது. எட்டு. 'ஒருமனதாக' என்று நடவடிக்கைக் குறிப்பில் அழகான கையெழுத்தில் எழுதி அடிக்கோடிட்டார்.

பிறகு எப்போதும்போல கோப்பைகளைக் கழுவச் சமையலறைக்குப் போனார். கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே தட்டு நீட்டும் சின்ன சன்னல் ஒன்று உண்டு. அதன் கதவு சரியாகச் சாத்தாது. இருபது வருடமாகச் சரிசெய்ய வேண்டியவற்றின் பட்டியலில் இருந்தது.

"நீ ஏன் ஒண்ணும் சொல்லல?" இது ஹெஸ்டரின் குரல்.

"நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன், ஹெஸ்டரம்மா. நீங்கதான தலைவரு?" இது வில்ஃப்.

"நான் எப்படிச் சொல்றது? மனுஷன் இருபத்தாறு பக்கம் எழுதிட்டு வந்திருக்காரு. வேண்டாம்னா, உங்க நேர்மையெல்லாம் சும்மா வெளையாட்டுன்னு சொன்ன மாதிரி ஆகாதா?"

"ஆகும்தான்." ஒரு நாற்காலி நகர்ந்தது. "ஆனா வியாழக்கெழம இனிமே எப்படி இருக்குமோ. அந்தாளு இல்லாம இங்க வந்து உக்காந்து என்னத்தப் பேசறது? என்னைக் கேட்டா அந்த நாலாம் விதிய..."

கிளெமென்ட் கையில் ஒரு கோப்பையோடு நின்றார். சன்னலைத் திறந்து தலையை நீட்ட இரண்டடி. "விதிய என்ன?" என்று கேட்டால் போதும். ஆனால் தான் கேட்டுக்கொண்டிருப்பது அவர்களுக்குத் தெரிந்தால் எவ்வளவு கூச்சமாக இருக்கும். ஹெஸ்டர் முகம் சிவந்துபோகும். வில்ஃப் அடுத்த வாரம் கடைத்தெருவில் எதிர்ப்பக்கம் நடப்பார்.

குழாயை முழுவதும் திறந்துவிட்டார். கோப்பைகளைத் தொட்டியில் கலகலவென்று மோதவிட்டார். கூடத்தில் பேச்சு நின்றது.

"நல்ல மழை இல்ல?" என்றார் ஹெஸ்டர் சத்தமாக.

"ஆமா, நல்ல மழை," என்றார் வில்ஃப், அதைவிடச் சத்தமாக.

சாவியை மறுநாள் ஒரு உறையில் போட்டு ஹெஸ்டர் வீட்டுக் கதவின் தபால் துளைவழியே உள்ளே தள்ளினார். விளக்கு எரிந்தது. மணியை அடிக்கவில்லை.

ஏப்ரல் வந்தது. வியாழன்களும் வந்தன. வாரத்தில் ஏழு நாட்களும் ஒரே அளவாகிவிட்டன. ஒரு வியாழன் காலை கிளெமென்ட் பழக்கத்தில் நிலப் பதிவேட்டை எடுத்துச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்து, எதற்காக என்று நினைவு வந்ததும் பாதி வரியில் நிறுத்தினார். பிறகு, வரியை அரைகுறையாக விடுவது முறையல்ல என்று மீதியையும் படித்து முடித்தார். கடையில் பார்த்தவர்கள் முன்னைவிடப் பணிவாக இருந்தார்கள். அவர் முன்னால் போக வரிசையில் வழிவிட்டார்கள்.

ஒரு காலையில் வாசற்படியில் பன்னிரண்டு முட்டை இருந்தது. கூடவே ஒரு சீட்டு. 'வெளியூர்ல தூங்கற கோழிங்க போட்டது. உனக்குத்தான் சேரணும். வி.க.' கிளெமென்ட் அந்தச் சீட்டைப் பலமுறை படித்தார். உட்கார்ந்து நன்றி அட்டை எழுதினார். கீழே, எல்லைக்கோடு கூட்டின் மூன்றாவது பரணை ஒட்டிச் செல்வதால் கணக்குப்படி எட்டு முட்டைகளே தன் பக்கம் சேர்ந்தவை என்று குறிப்பிட்டு, தபால்தலை வாங்கி ஒட்டித் தபாலில் போட்டார். வில்ஃப் வீட்டுப் புகைபோக்கி அவர் சன்னலிலிருந்து தெரியும். மிச்சம் நான்கு முட்டையை அன்று பிற்பகல், கட்ஜன் வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, படியில் வைத்துவிட்டு வந்தார். முட்டை அதன்பிறகு வரவில்லை.

ஈஸ்டர் கழிந்து ஐந்தாவது வாரம் எல்லை நடை. காலையிலிருந்தே கிளெமென்ட் தயார். எல்லைக் கல்லுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் நடப்பவர்களுக்குத் தாகசாந்தி செய்வது பழைய மரபு. எந்த ஊர்க்காரராக இருந்தாலும் சரி என்று மரபு தெளிவாகச் சொல்கிறது. வடக்கு வேலியோரம், கல்லுக்கு நேராக, மேசை போட்டுத் தேய்த்த விரிப்பு விரித்தார். எலுமிச்சை ரசம், பெரிலின் முறைப்படி இஞ்சி பிஸ்கட், பதினெட்டுக் கண்ணாடிக் குவளைகள். கழுத்தில் புதிய டை.

பதினொன்றரைக்குத் தூரத்தில் குரல்கள் கேட்டன. பாதிரியார் குடையோடு, ஹெஸ்டர் பிளாஸ்டிக் உறையில் போட்ட கிளெமென்ட்டின் வரைபடத்தோடு, ஆளுக்கொரு வில்லோ குச்சியோடு பதினாலு பேர். முன்னால் வில்ஃப். வேலியைத் தாண்ட வைத்திருக்கும் படிக்கட்டில் ஏறி இறங்கியதும் அவர்கள் வலப்பக்கம் திரும்ப வேண்டும். கிளெமென்ட் விரிப்பின் மூலையை நீவிவிட்டு நிமிர்ந்தபோது கூட்டத்தைக் காணோம்.

இடப்பக்கம் திரும்பியிருந்தார்கள். வீட்டுக்குப் பின்னால், ஓடைக்கரையோடு, சேற்றில் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார்கள். அவர் வீட்டைச் சுற்றிக்கொண்டு ஓடினார்.

"வில்ஃப்! எங்க போற? எல்லை அந்தப் பக்கம்!"

வில்ஃப் நின்றார். முகத்தில் அப்படியொரு அப்பாவித்தனம். "அப்படியா? ஓடைய ஒட்டித்தான போகணும்?"

"இது புது ஓடை. வெட்டினது. அறிக்கைல பதினாறாம் பக்கத்துல இருக்கு."

"பதினாறாம் பக்கம் மழைல நனஞ்சு போச்சு, கிளெம். எழுத்தே தெரியல. ஹெஸ்டரம்மா, நனஞ்சுதான போச்சு?"

"ஆமா," என்றார் ஹெஸ்டர், உறையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய். "கொஞ்சம் மசமசன்னுதான் இருக்கு."

"என்கிட்ட இன்னொரு பிரதி இருக்கு. ஒரே நிமிஷம், எடுத்துட்டு வர்றேன்."

"எதுக்குய்யா செரமம்? இவ்வளவு தூரம் வந்தாச்சு. இப்படியே உன் வீட்டச் சுத்திட்டுப் போயிடறோம். எங்க தாத்தாகூட இப்படித்தான் போனாருன்னு ஞாபகம்."

"உங்க தாத்தா காலத்துல எல்லை நடையே நடக்கல. கடைசியா நடந்தது நாப்பத்தொண்ணுல. ஆயிரத்து எண்ணூத்து நாப்பத்தொண்ணு."

பதினாலு பேரும் சேற்றில் நின்றார்கள். பாதிரியார் வானத்தைப் பார்த்தார். வில்ஃப் கிளெமென்ட்டின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். ஏதோ விலைபேசி முடியாத சந்தையிலிருந்து திரும்புகிறவரைப்போலக் குச்சியைத் தோளில் சாய்த்துக்கொண்டார்.

"நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றார்.

திரும்பி வந்து, பள்ளத்தின் வழியே முறைப்படி நடந்து, கல்லை வில்லோ குச்சிகளால் அடித்தார்கள். அடி வலுவில்லாமல் விழுந்தது. கிளெமென்ட் வேலிக்கு இந்தப் பக்கத்திலிருந்து குவளைகளை ஒவ்வொன்றாக நீட்டினார். பாதிரியார், அண்டை ஊர் நண்பர் திரு. பார்ஸ்லோவின் உபசரிப்புக்கு நன்றி என்றார்.

"பிஸ்கட் ரொம்ப நல்லா இருக்கு, கிளெமென்ட்," என்றார் ஹெஸ்டர். "நீங்களே செஞ்சதா?"

"பெரிலோட முறை."

"அதான் நெனச்சேன்." இன்னும் ஏதோ சொல்லப் போகிறவர்போல நின்றார். "நல்லவேள, மழை நின்னுச்சு."

"ஆமா, நின்னுச்சு."

அவர்கள் கேட்டைத் திறந்து, ஆடு மேயும் மேட்டுப் புல்வெளியில் ஏறிப் போனார்கள். கிளெமென்ட் குவளைகளைத் தட்டில் அடுக்கினார். பதினாலு. எடுக்காமல் நாலு. ஓடைப்பக்கம் யாராவது எதையாவது விட்டுவிட்டுப் போயிருப்பார்களோ என்று பார்க்க வீட்டுக்குப் பின்னால் போனார்.

அங்கே காஞ்சொறிச் செடி இடுப்புயரம் வளர்ந்து கிடக்கும் இடம். இரண்டு வருடமாக அவரே அந்தப் பக்கம் போனதில்லை. இப்போது கரை நெடுக ஓராள் அகலத்துக்கு அரிவாளால் வெட்டிச் சுத்தம் செய்திருந்தது. வெட்டுவாய் வாடி ஒருநாள் ஆகியிருந்தது. சேறு ஆழமான இடத்தில் ஒரு பலகை போட்டிருந்தது. பலகையின் விளிம்பில் கோழி எச்சம். கொஞ்சம் தள்ளி, ஓடையோரம், குச்சியால் அடிக்க வசதியாக ஒரு பெரிய கல்லை உருட்டி நிறுத்தியிருந்தது. அந்தக் கல்லில் எழுத்து எதுவும் இல்லை. எல்லை அந்த வழியாகப் போனால் அவர் வீடு நெதர்விக்குக்கு உள்ளே.

அதை அவர் குனிந்து தொட்டுப் பார்த்தார். முந்நூறு வருடமாக அந்த மண்ணை மிதிக்கும் குடும்பத்தில் பிறந்தவன், படிக்கட்டு வேலியில் வலம் இடம் தெரியாமல் திரும்புவானா?

வேகமாக நடந்து வடக்கு வேலிக்கு வந்தார். கூட்டம் மேட்டின் பாதியில் இருந்தது. வில்ஃப் கடைசியாக, குச்சியை ஊன்றி ஏறிக்கொண்டிருந்தார்.

"வில்ஃப்!"

அந்த ஊரில் யாரும் அப்படிக் கத்துவதில்லை. பதினாலு பேரும் நின்று திரும்பினார்கள். வில்ஃப் காதில் கையை வைத்துக்கொண்டார்.

"என்ன?"

கிளெமென்ட் வாயைத் திறந்தார். சொல்ல வேண்டியது எல்லாம் தயாராகத்தான் இருந்தது. கண்ணாடி முன் நின்று மூன்று நாள் பழகியதுகூட இருந்தது. பதினாலு முகங்களும் காத்திருந்தன. ஹெஸ்டர் ஒரு அடி கீழே இறங்கி வந்திருந்தார்.

"அந்த கேட்ட சாத்திட்டுப் போங்க!" என்று கத்தினார் கிளெமென்ட். "ஆடுங்க வந்துரும்!"

ஹெஸ்டர் இறங்கி வந்த அந்த ஒரு அடியைத் திரும்ப ஏறினார். பிறகு வில்ஃப் கையை உயர்த்திக் காட்டிவிட்டு, தனியாக இறங்கி வந்து, கேட்டை இழுத்துச் சாத்தி, கொக்கியை மாட்டினார். மாட்டியதை ஒருமுறை ஆட்டிப் பார்த்தார். கிளெமென்ட் நன்றிக்குக் கையைத் தூக்கினார். கேட் ஒழுங்காகத்தான் சாத்தியிருந்தது.